சிறிய டீசல் கார்களின் பின்னால் இலகு ட்ரெயிலர் இழுத்துச் செல்லத் தெளிவான விதியொன்றை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் மணவறை, பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரும் விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்வோரும்,
கொழும்பு.

பெறுநர்:
ஆணையாளர் நாயகம் அவர்கள்,
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்,
நாரஹேன்பிட்டி, கொழும்பு 05.

மதிப்பிற்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் மணவறை வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். என்னோடு சேர்ந்து இதில் கையொப்பமிட்டிருப்பவர்களும் என்னைப் போன்ற சிறு தொழில்காரர்கள்தான். சாமானைத் தொழிலிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இருக்கும் ஒரே தலையிடி. எங்களிடம் இருக்கும் சிறிய கார்களின் பின்னால் இலகுவான ட்ரெயிலர் ஒன்றைப் பூட்டி, சட்டப்படி, பயமில்லாமல் ஓட்டுவதற்கு வழி செய்து தரும்படி கேட்கவே இந்த மனுவை எழுதுகிறோம்.

ஒரு மணவறையின் சாமானைச் சொன்னால் எங்கள் நிலை விளங்கும். நான்கு தூண்கள், முகப்பு, பின்பக்கச் சட்டங்கள், மாப்பிள்ளை பொம்பிளைக்கு இரண்டு கதிரைகள், குத்துவிளக்குகள், கம்பளம், மின்விளக்குப் பெட்டி, வயர்ச் சுருள்கள். எல்லாம் சேர்த்தாலும் 250 கிலோ அளவில்தான் வரும். நிறையை விட நீளம்தான் எங்களுக்குப் பிரச்சினை. ஏழு அடித் தூண் காரின் டிக்கிக்குள் போகாது. கூரைமேல் கட்டினால் ஃபைபர் வேலைப்பாடு காற்றில் அடிபட்டு விளிம்பு விளிம்பாகப் பெயர்ந்துவிடும். இதற்கென்று லொறி பிடித்தால் அதில் பாதி இடம் வெறுமையாகவே போகும். முகூர்த்த நாளென்றால் பட்டா லொறிக்காரர் சொன்னதுதான் கூலி. ஒரே நாளில் கொழும்பிலுள்ள அத்தனை மண்டபங்களிலும் கல்யாணம் நடக்கும்போது அவர்களையும் குறை சொல்ல முடியாது. சமையல் எடுப்பவர்களுக்குக் கிடாரங்களும் காஸ் அடுப்புகளும், ஒலிபெருக்கிக்காரருக்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் இதே பாடுதான்.

சொந்தமாக ஒரு சிறு லொறி வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலையே எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. இப்போது திறந்திருந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களால் வாங்க முடிகிற நிலை இல்லை. கையில் இருப்பது ஒரு சிறிய டீசல் கார். அது நல்ல கார். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறி, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்து ஓடுகிறது.

அந்தக் காரில் என்ன சுமை இழுக்க முடியும் என்ற சந்தேகம் வரும். என்னுடையது 1248 சீசீ டீசல் என்ஜின். 75 குதிரைவலுதான். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் வலுவான அதன் முறுக்கு விசை 190 நியூட்டன் மீற்றர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. அதே காரின் 1.2 லீற்றர் பெற்றோல் என்ஜினில் அது 115க்கும் குறைவு, அதைப் பெறவும் என்ஜினை 4000 சுற்றுக்கு மேல் துரத்த வேண்டும். சுமையோடு நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கு வேண்டியது இந்தக் கீழ்ச் சுற்று இழுவைதான். சாமானோடு சேர்த்து 400 கிலோ வரும் ட்ரெயிலரை இழுக்கச் சிறிய டீசல் காருக்குத் தெம்பு இருக்கிறது.

இழுப்பதை விட நிறுத்துவதுதான் கஷ்டம் என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அதன் முழு நிறையையும் காரின் பிரேக்தான் தாங்க வேண்டும். மழை பெய்து வழுக்கும் காலி வீதியில், முன்னால் போகும் பஸ் திடீரென்று ஒதுங்கி நிற்கும்போது அந்த 400 கிலோ பின்னாலிருந்து தள்ளும். எங்களுக்குக் கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கூட அழைப்பு வரும். கண்டியிலிருந்து திரும்பி வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும், தாழ்ந்த கியரில் என்ஜினின் பிடியில்தான் இறங்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் எரியும். இவையெல்லாம் ஓட்டுகிறவர் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள். அறிந்திருக்கிறாரா என்று பார்த்து அனுமதிக்கும் பொறுப்பு உங்கள் திணைக்களத்தினுடையது. அந்தப் பொறுப்பை எடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்போதைய நிலை என்ன? 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ட்ரெயிலர் புதிதல்ல. நாடு முழுவதும் உழவு இயந்திரத்தின் பின்னால் பதிவு பெற்ற ட்ரெயிலர் பெட்டிகள் ஓடுகின்றன. ஆனால் சிறிய காருக்கு ஒரு பெட்டி என்று கேட்டால் ஒரு கருமபீடம் இன்னொன்றைக் காட்டுகிறது. ஓர் அலுவலகத்தில் “ட்ரெக்டருக்கென்றால் சொல்லுங்கோ, காருக்கென்றால் எங்களுக்குத் தெரியாது” என்றார்கள். காப்புறுதி முகவரோ, முதலில் பதிவைக் கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார். வீதியில் ஒரு சந்தியில் விட்டுவிடுகிறார்கள், அடுத்த சந்தியில் மறிக்கிறார்கள். மறிக்கும் பொலிஸ் உத்தியோகத்தருக்கும் கையில் பார்த்துச் சொல்ல ஒரு தாள் இல்லை. மண்டபத்தில் ஐயர் வந்துவிட்டார், மணவறை இன்னும் பொலிஸ் சாவடியில் நிற்கிறது என்றால் அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

தெளிவில்லாததால் ட்ரெயிலர்கள் ஓடாமல் நிற்கவில்லை. கண்டபடி ஓடுகின்றன. அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. மரைன் டிரைவில் ஓர் இரவு எனக்கு முன்னால் ஒன்று போனது. காரின் பின்விளக்குகளை ட்ரெயிலரின் தகடு முழுதாக மறைத்திருந்தது, ட்ரெயிலரில் ஒரு விளக்கும் இல்லை. வெளிச்சத்தில் அது நின்றபோது பார்த்தேன். இணைப்பில் பூட்டு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு ஆணியை வளைத்துச் செருகியிருந்தார்கள். கடல் உப்பில் அது துருப்பிடித்து மெலிந்திருந்தது. பாதுகாப்புச் சங்கிலி இல்லை. அந்த ஆணி முறிந்தால் பெட்டி எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடலாம், அங்கே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பமே வரக்கூடும். அந்த ஆளைத் திட்டி என்ன செய்வது? சரியான இணைப்பு எது என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

இந்த விடயத்தில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்களைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் பிரித்தானியாவில் பிரேக் இல்லாத ட்ரெயிலரின் மொத்த நிறை 750 கிலோவையும் தாண்டக் கூடாது, இழுக்கும் காரின் நிறையில் பாதியையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. என் கார் ஆயிரத்துச் சொச்சம் கிலோ. அந்தக் கணக்கில் எனக்கு 500 கிலோவரை வரும், சாமானோடு என் ட்ரெயிலர் அதற்குள் அடங்கிவிடும். அங்கே ட்ரெயிலரின் பின்னால் இழுக்கும் காரின் இலக்கத் தகடே இருக்க வேண்டும். நாட்டுக்குள் ஓடும் இலகு ட்ரெயிலருக்கு அங்கே தனிப் பதிவு தேவையில்லை. இங்கே தனிப் பதிவுதான் வேண்டுமென்றால் அதற்கும் நாங்கள் தயார். எது என்று சொன்னால் போதும்.

நாங்கள் கேட்கும் விதியில் முதலில் நிறை எல்லை வேண்டும். காரைத் தயாரித்தவர்கள் இழுக்கலாம் என்று சொல்லியிருக்கும் நிறையைத் தாண்ட யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். அப்புறம் இணைப்பு. பஞ்சிகாவத்தையில் எந்த வெல்டிங் கடையிலும் ட்ரெயிலரைப் பூட்டும் இரும்புச் சட்டமான டோ பார் ஒன்றை அடித்துத் தருவார்கள். அது பம்பரில் பிடிக்கிறதா, காரின் அடிச்சட்டத்தில் பிடிக்கிறதா என்பதில்தான் உயிர் இருக்கிறது. 50 மில்லிமீற்றர் இணைப்புப் பந்து, அதற்குப் பொருந்தும் பூட்டுள்ள கிண்ணம், குறுக்காகப் போட்ட இரட்டைச் சங்கிலி ஆகியவை கட்டாயம் என்று எழுதுங்கள். பிரேக் விளக்கு, சிக்னல், இலக்கத் தகட்டு விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான்கள் எல்லாம் ட்ரெயிலரிலேயே இருக்க வேண்டும். புதிய கார்களில் பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டினால் காரின் மின்னணுப் பெட்டி பழுதாகக்கூடும், ஆகவே தனி ரிலே போட வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் பலருக்கு உதவும்.

சுமை ஏற்றும் முறையையும் எழுத வேண்டும், அதை இங்கே சொல்லிக்கொடுப்பார் யாருமில்லை. பாரம் பின்பக்கம் கூடினால் ட்ரெயிலர் காரின் பின்பகுதியைத் தூக்கும், கொஞ்சம் வேகம் பிடித்தவுடன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்தபின் பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசம். அக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகத்தைக் குறையவிட வேண்டும். பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே வைத்து, மொத்த நிறையில் 5 முதல் 7 வீதம் இணைப்பின் மேல் அழுத்தும்படி ஏற்றினால் இந்த ஆட்டம் பெரும்பாலும் வராது. 400 கிலோ ட்ரெயிலருக்கு அது 20 முதல் 28 கிலோ. வீட்டில் ஆள் நிறை பார்க்கும் தராசை இணைப்பின் கீழ் வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

வேக எல்லையை எவ்வளவு குறைத்தாலும் எங்களுக்குச் சம்மதம். நாங்கள் அவசரக்காரர்கள் அல்லர், முதல் நாள் இரவே சாமானை இறக்குகிறவர்கள். நெரிசல் நேரத்தில் நகருக்குள் வேண்டாம் என்றால் அதற்கும் கட்டுப்படுவோம். காரிலிருந்து கழற்றிய ட்ரெயிலரை வீதியில் விட்டுவிட்டுப் போனால் தண்டப்பணம் என்று எழுதினாலும் அது நியாயம்தான், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆள் நடக்கவே இடமில்லை.

சாதாரண இலகு வாகனச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு எவ்வளவு நிறையுள்ள ட்ரெயிலர்வரை இழுக்கலாம் என்பதும் அந்த அறிவித்தலில் இருக்க வேண்டும். பின்னோக்கி எடுப்பதுதான் புதியவருக்குச் சிக்கல், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டி மறுபக்கம் போகும். இதற்காக வேரஹெரவிலுள்ள உங்கள் சாரதி அனுமதிப்பத்திர அலுவலகத்தில் ஒரு சிறு செய்முறைப் பரீட்சை வைத்தால் நாங்கள் வந்து தோற்றுவோம், கட்டணமும் கட்டுவோம்.

நான் செய்வித்த ட்ரெயிலர் இப்போது வீட்டு முற்றத்தில் படங்கு போட்டு மூடியபடி நிற்கிறது. அதை உங்கள் பரிசோதகர்கள் எந்த நாளில் கேட்டாலும் லொறியில் ஏற்றியாவது கொண்டுவந்து காட்டுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். விதி வகுக்கும்போது எங்களில் சிலரையும் கூப்பிட்டுக் கேட்டால் நல்லது.

விதி வெளியாகும்போது சிங்களத்தோடு தமிழிலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதன் ஒரு பக்கச் சுருக்கத்தைக் காரில் வைத்திருந்து பொலிஸ் உத்தியோகத்தரிடம் காட்ட வசதி செய்தால் சந்திக்குச் சந்தி விளக்கம் சொல்லும் தேவையே இராது. அதுவரைக்கும் இலகு ட்ரெயிலர்களைப் பரிசோதித்துத் தற்காலிக அனுமதி கொடுக்கும் அதிகாரி யார், எந்தக் கருமபீடம், என்னென்ன ஆவணங்கள் என்பதையாவது எழுத்தில் அறியத் தாருங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் இந்தப் பதில் கிடைத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்குறித்த பகுதிகளின் சிறு தொழில் செய்வோர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி:
மாகாண மோட்டார் போக்குவரத்து ஆணையாளர், மேல் மாகாணம்.
பணிப்பாளர், பொலிஸ் போக்குவரத்துப் பிரிவு.