திரும்பி வருவதற்கான கடவுச்சீட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை, கனடா ஆகிய இரு நாடுகளின் குடியுரிமையும் உள்ளவர்கள் ஊருக்குப் புறப்படும்போது கவனிக்கத் தவறும் ஒரு விடயத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் மச்சாள், தாயாரின் அந்திரட்டிக்காக அவசரமாக யாழ்ப்பாணம் சென்றார். அவருடைய கனடியக் கடவுச்சீட்டு இரண்டு மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. இலங்கைக்குள் நுழைய இலங்கைக் கடவுச்சீட்டே போதுமானது என்பதாலும், கனடாவை விட்டு வெளியேறுவோரின் கடவுச்சீட்டைக் குடிவரவு அதிகாரிகள் சோதிப்பதில்லை என்பதாலும், ரொறன்ரோவில் அவரை எவரும் தடுக்கவில்லை. கிரியைகள் முடிந்து திரும்பும் நாளில் கட்டுநாயக்காவில்தான் பயணம் நின்றது. குடியுரிமைச் சான்றிதழையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காட்டி மன்றாடியும் பயன் இருக்கவில்லை.

விமான நிறுவன ஊழியரை நான் குறைகூற மாட்டேன். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் அந்த நிறுவனமே கட்டணம் செலுத்த நேரிடும். 2016 நவம்பர் 10 முதல், விமானத்தில் கனடா வரும் இரட்டைக் குடியுரிமையாளர்கள் செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே இதில் விலக்கு. குடிமக்களுக்குக் கனடிய விசா வழங்கப்படுவதில்லை என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டில் விசா பெற்றுத் திரும்பும் வழியும் இல்லை. நாட்டுக்குள் நுழையும் உரிமையைக் கனடிய உரிமைகள் சாசனத்தின் 6ஆவது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் உறுதிசெய்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்டு நிற்கக்கூடிய எல்லை வாசலுக்கு வந்துசேரவே விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறதே!

இத்தகைய நெருக்கடிக்கென அரசு ஒரு சிறப்பு அனுமதியை வைத்திருக்கிறது. பத்து நாட்களுக்குள் பயணம் செய்ய வேண்டியவர்கள் இணையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்; பயணத் திகதியிலிருந்து நான்கு நாட்களுக்கு அது செல்லும். எனினும், விசா விலக்குப் பெற்ற நாடொன்றின் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கே அது கிடைக்கும். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ள கனடியர் இதனால் வீடு வந்து சேர்ந்துவிடுவார். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ள கனடியருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இருவரும் ஒரே நாட்டின் குடிமக்களாயிருக்க, மற்றைய கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்பதைக் கொண்டு இவ்வாறு வேறுபடுத்துவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. என் மச்சாள் கொழும்பில் தற்காலிகக் கடவுச்சீட்டுப் பெற்று, புதிய பயணச்சீட்டும் வாங்கித் திரும்பப் பன்னிரண்டு நாட்களாயின. அதற்குள் அவருடைய வேலையிடத்தில் விடுமுறையும் முடிந்துவிட்டது.

குழந்தைகளின் விடயத்தில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. பெரியவர்கள் பத்தாண்டுக் கடவுச்சீட்டு எடுத்திருந்தாலும், பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கே அது வழங்கப்படுகிறது. பயணச்சீட்டு விற்கும் நம்மவர்களின் முகவர் நிலையங்கள், போகும் நாட்டுக்கான ஆவணத்தோடு திரும்பி வருவதற்கான கடவுச்சீட்டின் திகதியையும் கேட்டுப் பதிவுசெய்தால் பல குடும்பங்கள் தப்பும். சிறப்பு அனுமதியை இலங்கை போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு உள்ள கனடியர்களுக்கும் விரிவாக்குமாறு, தமிழர் செறிந்து வாழும் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குடிவரவு அமைச்சரிடம் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ரொறன்ரோ