ஃபாக் லைட்டுக்கும் கோன் செட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வாரண்டி பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் ஜாப் கார்டு, படங்கள், நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எனவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

பைக் வாங்கி 14 மாதம், ஓடியது 11,000 கிலோமீட்டர். ஹேண்டில் நேராக வரும்போது நடுவில் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. உங்கள் சர்வீஸ் சென்டர் மெக்கானிக் மெயின் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளிக் காட்டினார். பள்ளத்தில் விழுந்த மாதிரி அது நடுவில் நின்றது. "கோன் செட் போச்சு சார், வாரண்டியில மாத்திடலாம்" என்றார். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கைத்தான் சொன்னார். அரை மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார். கிராஷ் கார்டில் (முன்பக்கக் காப்புக் கம்பி) நான் மாட்டியிருந்த இரண்டு ஃபாக் லைட்டையும் பார்த்தார். "வெளி ஃபிட்டிங் இருக்கு, வாரண்டி வராது."

அவ்வளவுதான்.

ஐயா, அந்த விளக்குகள் கிராஷ் கார்டில் இருக்கின்றன. கிராஷ் கார்டு ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கியது. ஃபிரேமில் ஏறும் எடையில் ஒரு பங்கு கோன் செட்டுக்கும் போகும்தான், ஆனால் வண்டியின் எடைக்கு முன்னால் இந்த விளக்குகள் எம்மாத்திரம்? கரண்டைப் பற்றியும் கவலை வேண்டாம். கோன் செட்டுக்குள் இருப்பது பால்ரஸும் (உருளும் இரும்புக் குண்டுகள்) கிரீஸும்தான். நாளைக்கு ஒயரிங் கருகினாலோ பேட்டரி படுத்தாலோ என் விளக்குகளைச் சந்தேகப்படுங்கள், அது உங்கள் உரிமை. கோன் செட் தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது என்று சொல்லியிருந்தால்கூட முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டியிருப்பேன். நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாகத்தால் எந்தப் பழுது வந்தது என்று எழுத்தில் தாருங்கள்.

நான் ஆசைக்காக விளக்கு மாட்டியவன் இல்லை. ஒரகடத்தில் இரவு ஷிப்ட், வீடு உத்திரமேரூர் பக்கம். நள்ளிரவு தாண்டி ஏரிக்கரை ஓரமாக வரும்போது, ரோட்டில் படுத்திருக்கும் எருமை உங்கள் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். இப்போது விளக்கு இருக்கிறது, எருமை தூரத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒதுங்கலாம் என்றால் ஹேண்டில் நடுவில் பிடிக்கிறது. வெளியில் மாற்றிக்கொள்ளலாம் என்றால், "வெளி ஆள் கை வெச்சா மீதி வாரண்டியும் போயிடும்" என்கிறார் அதே சூப்பர்வைசர். நீங்களும் மாற்ற மாட்டீர்கள், நானும் மாற்றக் கூடாது. இதே வண்டியில்தான் தினமும் போய் வருகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி அன்று, வேண்டாம் என்று சொல்லியும் அக்சஸரீஸ் கணக்கில் ஷோரூமிலேயே ஒரு திருட்டு அலாரம் மாட்டினார்கள். மெயின் ஒயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். என் விளக்குக்கு ரிலே இருக்கிறது, தனி ஃபியூஸ் இருக்கிறது. கம்பெனி ஒயரில் ஒரு வெட்டுகூட இல்லை. ஆனால் என் விளக்கு வெளி ஃபிட்டிங், உங்கள் அலாரம் அக்சஸரீஸ்! உங்கள் பெயர் அச்சடித்த டப்பாவில் வந்தால் விளக்குக்குத் தனி ஞானம் வந்துவிடும்போல.

சட்டம் தெரியாமல் பேசவில்லை. பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சைலன்சரை அறுத்துவிட்டு ஊரை எழுப்புகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அது ஆர்.டி.ஓ. பார்க்க வேண்டிய விஷயம். பால்ரஸ் ஏன் தேய்ந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளிப் பாகம் இருக்கிறது என்பதை மட்டும் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. அதனால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். இங்கே ஒரு சூப்பர்வைசர் கண்ணால் பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக் தம்பியை இதில் இழுக்க வேண்டாம். அவர் சரியாகத்தான் பார்த்தார். தயவுசெய்து கோன் செட்டை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். முடியாதென்றால், ஃபாக் லைட் எப்படிக் கோன் செட்டைக் கெடுத்தது என்று உங்கள் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, எழுத்தில் தாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது அவர்களும் முதலில் கேட்டது அந்தக் கடிதத்தைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்