பிரான்ஸ், நெதர்லாந்து மக்கள் மீது பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கென ஒரு பொது அரசியல் சாசனம் கொண்டுவரும் முயற்சி 2005இல் பிரான்ஸ், நெதர்லாந்து வாக்கெடுப்புகளில் தோற்றுப்போனதற்கு, விவரம் புரியாமல் ஓட்டுப்போட்ட மக்களே காரணம் என்கிற தொனியில் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முன்னாள் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேங் தலைமையிலான குழுவின் 105 உறுப்பினர்கள் 2002 பிப்ரவரியில் தொடங்கி விவாதித்துச் சாசன வரைவைத் தயாரித்தபோது முழு அமர்வுகள் வெளிப்படையாகத்தான் நடந்தன. அரசுகள் கைக்குப் போன பிறகுதான் எல்லாம் மூடிய அறைக்குள் போனது, பேச்சு முழுக்க ஓட்டுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. ஒன்றியத்தின் முடிவுகளில் எந்த நாட்டு அரசுக்கு எத்தனை ஓட்டு என்று முன்பே வகுத்திருந்த நீஸ் ஒப்பந்தப்படி 8 கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனிக்கு 29 ஓட்டு, அதில் ஏறக்குறைய பாதி மக்கள் மட்டுமே உள்ள போலந்துக்கும் ஸ்பெயினுக்கும் தலா 27. புதிய வரைவோ ஒரு முடிவு நிறைவேறப் பாதி நாடுகளும் 60 சதவீத மக்கள்தொகையும் சேர்ந்தால் போதும் என்றது, இதில் போலந்து, ஸ்பெயினின் பலம் குறையும். போலந்து நாடாளுமன்றத்தில் 'நீஸ் அல்லது மரணம்' என்றே ஒருவர் முழங்கினார். போலந்தின் கோபத்திலும் நியாயம் உண்டு, 2003 ஜூனில் அந்த மக்கள் ஒன்றியத்தில் சேரச் சம்மதித்தது நீஸ் விதிகளை நம்பித்தானே, உள்ளே நுழைவதற்கு முன்பே அதை மாற்றினால் எப்படி? டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் உச்சிமாநாடு முறிந்தது.

அப்புறம் ஒன்றியத்தின் சுழற்சித் தலைமைப் பொறுப்புக்கு வந்த அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் செய்த வேலையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உடனே இன்னொரு மாநாட்டைக் கூட்டாமல் ஒவ்வொரு நாட்டுத் தலைவரிடமும் தனித்தனியாகப் பேசி, யார் எதுவரை இறங்கி வருவார்கள் என்று தெரிந்துகொண்டார். போலந்தைப் போலவே எதிர்த்து நின்ற ஸ்பெயினில் மார்ச் தேர்தலுக்குப் பின் ஆட்சி மாறியதும் உதவியது. 2004 ஜூன் 18 அன்று ஒரு முடிவு நிறைவேற 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகை, அதைத் தடுக்கக் குறைந்தது நான்கு நாடுகள் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சரி, இவ்வளவு பொறுமை தலைவர்களுக்கிடையே இருந்ததே, மக்களிடம் அதில் பாதியாவது காட்டினார்களா? பிரான்சில் சாதாரண மனிதர் கேட்டது வேலை, சம்பளம், பொதுச் சேவைகள் பற்றி. நெதர்லாந்தில் கேட்டது ஒன்றியத்துக்குத் தாங்கள் கட்டும் பணம் பற்றியும், ஒரே மூச்சில் பத்து நாடுகளைச் சேர்த்த வேகம் பற்றியும். 55, 65 என்ற எண்களில் இதற்கெல்லாம் பதில் இல்லை. 2005 மே 29 அன்று பிரான்சில் 54.7 சதவீதம் பேரும், மூன்று நாள் கழித்து நெதர்லாந்தில் 61.5 சதவீதம் பேரும் வேண்டாம் என்றார்கள். பிரான்சில் 69 சதவீதம் பேர் ஓட்டுப்போட வந்தார்கள், சாசனத்தை விளக்கும் புத்தகங்கள் அந்த நேரத்தில் அங்கே அமோகமாக விற்றன. அக்கறையில்லாதவர்கள் என்று அவர்களை எப்படிச் சொல்வது?

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றும் உண்டு. கொடி, கீதம் போன்றவற்றை நீக்கிவிட்டு, அதே உள்ளடக்கத்தின் பெரும்பகுதியை 2007இல் லிஸ்பன் ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டார்கள். இந்த முறை பிரான்சும் நெதர்லாந்தும் மக்களிடம் போகவே இல்லை, நாடாளுமன்றத்தில் முடித்துக்கொண்டன. வாக்கெடுப்பு நடத்திய ஒரே நாடான அயர்லாந்து 2008இல் மறுத்தது, அடுத்த ஆண்டே மறுபடியும் ஓட்டுப்போட வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்ன மக்களுக்கு இது எப்படிப்பட்ட பதில் என்பதைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி