அப்பப்பாவின் குரலைத் திருப்பித் தாருங்கள்

தொல்குடிகளையும் நாட்டார் வழக்காறுகளையும் படிக்க வன்னிக்கு வரும் பல்கலைக்கழகத்தாருக்கு,

வணக்கம். நெல் அருவி வெட்டு முடிந்ததும் உங்கள் வான் வண்டிகள் முள்ளியவளைப் பக்கம் வரத் தொடங்கிவிடும். வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை.

1994இல் ஒரு மாணவர் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பப்பாவிடம் களப் பாட்டுக் கேட்டார். களத்தில் நெற்சூடு மிதிக்கும்போது பாடுவதை வீட்டில் பாடக்கூடாது என்று அப்பப்பா இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் தானே ஒரு பிடி வைக்கலை முற்றத்தில் பரப்பி, அதன்மேல் நின்று, "பொலி, பொலி" என்று தொடங்கினார். போரினால் பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் கையால் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் பதிவுக் கசெற் ஓடியது. எனக்கு அப்போது எட்டு வயது.

பிரதி தருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று அது குறையாகத் தெரியவில்லை. பாடுகிறவர் வீட்டில் இருந்தார், அப்பா எழுதிவைத்த கொப்பி ரங்குப் பெட்டியில் இருந்தது. 2009இல் இறுதிப் போரில் பெட்டி மாத்தளனோடு போயிற்று. அப்பப்பா செட்டிகுளத்து முகாமில் கண்ணை மூடினார். அந்தப் பாட்டு இன்று எங்காவது இருந்தால் அது உங்கள் அலுமாரி ஒன்றில்தான். இரண்டு முறை கடிதம் போட்டேன். பதில் இல்லை.

நாங்கள் தொல்குடியா இல்லையா என்பதை நீங்களே வழக்காடிக்கொள்ளுங்கள். வேடர்களைப் பற்றி அந்த ஐயம் யாருக்கும் இல்லை. மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் அவர்களைப் பற்றி 1911இல் வெளியிட்ட பெருநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மட்டக்களப்பில் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் பேசுவதோ தமிழ். ஆய்வேட்டில் அவர்களுக்குப் பெயர் 'தகவலாளி'. (என்ன சொல்லோ அது, பொலிஸ் நிலைய வாடை அடிக்கிறது.)

அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவசுப்பாய் தொல்குடி மக்களிடம் 1990 அளவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் எடுத்தார்கள். சொல்லாமல் வேறு ஆய்வுகளுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த மக்கள் வழக்குப் போட்டு, 2010இல் இழப்பீட்டோடு இரத்தத்தையும் மீட்டுக்கொண்டார்கள். தங்கள் பண்பாட்டு மரபு தங்கள் கையில் இருப்பது தொல்குடிகளின் உரிமை என்று 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் சொல்கிறது, இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இதையெல்லாம் நீங்கள் வகுப்பில் படிப்பிக்கிறீர்கள். படிப்பித்துவிட்டு வானில் ஏறும்போது அலுமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பதிவு செய்ததன் பிரதி ஒன்று ஊர் வாசிகசாலைக்கு, எழுதியதன் சுருக்கம் தமிழில். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

எங்கள் கசெற்றை அடையாளம் காண்பது எளிது. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் அப்பப்பாவின் குரல் திடீரென்று கீச்சிடும். மிதி சுற்றி என் கை களைத்த இடம் அது.

இப்படிக்கு,
முள்ளியவளையிலிருந்து ஒரு பேரன்