ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது தானே செய்தித்தாள் படிக்கிறார்கள் என்ற வரியைப் படித்தபோது மனம் லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் வேலையும் முடிந்துவிட்டதால் இன்று நிதானமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்கு வாத்தியாரான உன் தலையில் ஒன்பதாம் வகுப்பு உலக வரலாற்றையும் கட்டிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். "இத்தனை ஆண்டுகளைப் பிள்ளைகள் மண்டையில் எப்படிடா ஏற்றுவது?" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இதில் சந்தோஷம்தான். எண்கோடு தெரிந்த ஒருவன் வரலாறு நடத்தினால் நன்றாக இருக்குமே என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நாம் படித்தது ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முந்தின இரவு ஒருவன் ஆண்டைச் சொல்ல, மற்றவன் நிகழ்ச்சியைச் சொல்வோம். 1453 என்றால் கான்ஸ்டான்டிநோபிள், 1492 என்றால் கொலம்பஸ், 1789 என்றால் பிரெஞ்சுப் புரட்சி. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்போம். ஆனால் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போனபோது கொலம்பஸ் தத்தி நடக்கும் குழந்தை என்பது நமக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை. ஆண்டுகள் எல்லாம் தனித்தனிப் பூட்டுகளாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவியை மனப்பாடம் செய்தோம்.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். கடைகளில் பில் அடிக்கப் பயன்படும் காகிதச் சுருள் இருக்கிறதல்லவா, அதில் சாதாரணக் காகிதச் சுருளாக ஒன்று வாங்கிக்கொள். பளபளப்பாக இருப்பது வேண்டாம், அது சூடு பட்டால் எழுத்து தெரியும் காகிதம், நாளானால் நிறம் மாறிவிடும். அளவு ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு. நூறு ஆண்டு என்பது பத்து சென்டிமீட்டர், ஆயிரம் ஆண்டு ஒரு மீட்டர். மெசொப்பொத்தேமியாவில் எழுத்து உருவான காலம் ஏறத்தாழ கி.மு. 3200. அங்கிருந்து இன்றுவரை ஐந்து மீட்டரும் இருபது சென்டிமீட்டரும் வரும். ஒரு வகுப்பறைச் சுவரில் அடங்கிவிடும்.

முதல் நாள் ஒரு நிகழ்ச்சியைக்கூட எழுத விடமாட்டேன். நூற்றாண்டுகளை மட்டும் குறிக்கவைத்துவிட்டு, வெறும் காகிதத்தை அப்படியே பார்க்கச் சொல்வேன். அப்புறம் ஒரு கேள்வி: "நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதையும் இதே அளவில் வரைந்தால் காகிதம் எதுவரை போகும்?" கணக்குப் போட்டுவிட்டு 300 மீட்டர் என்பார்கள், பள்ளி வாசலையும் தாண்டிப் போய்விடும். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதற்கு 66 கிலோமீட்டர் வேண்டும். போன ஆண்டு இந்த இடத்தில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்துவந்து, சுவரில் இருந்த காகிதத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிக்கொண்டே நடந்தான். "அப்போ இந்தப் புத்தகத்தில் இருக்கிறதெல்லாம் இவ்வளவுதானா சார்?" என்றான்.

பாடப்புத்தகங்களில் வரும் காலக்கோடுகள் பலவற்றில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. கி.மு. 3000, கி.மு. 500, கி.பி. 1500, 1914 என்று சம இடைவெளியில் கட்டம் போட்டிருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் ஒரு விரல் அகலம், நானூறு ஆண்டுக்கும் ஒரு விரல் அகலம். எண்கோட்டில் 2, 3, 70 என்று பக்கத்துப் பக்கத்தில் ஒருவன் புள்ளி வைத்தால் நீ சும்மா விடுவாயா? அளவு இல்லாத காலக்கோட்டைப் பட்டியல் என்றுதான் சொல்லவேண்டும். இடைவெளியைக் கண்ணால் பார்க்கத்தானே கோடு போடுகிறோம்?

கிசாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது சுமார் கி.மு. 2560. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. மனிதன் நிலவில் இறங்கியது 1969. மூன்றையும் குறித்துவிட்டு ஸ்கேலை வைத்து அளக்கச் சொல். பிரமிடிலிருந்து கிளியோபாட்ராவுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும். கிளியோபாட்ராவிலிருந்து நிலவுக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. "பண்டைய எகிப்து" என்று ஒரே பாடத்தில் அடைத்துவைத்திருப்பது எவ்வளவு நீளமான காலம் என்பது அளந்த கைக்குத்தான் தெரியும்.

இங்கே உனக்குப் பிடித்த சண்டை ஒன்று வரும். கி.மு. 30 முதல் கி.பி. 1969 வரை 1999 ஆண்டு என்று பாதி வகுப்பு சொல்லும். 1998 என்று ஒன்றிரண்டு பேர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி, ஏனென்றால் கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1 வருகிறது. நடுவில் பூஜ்யம் இல்லை. கி.பி. 525-இல் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி இந்த ஆண்டுக் கணக்கைத் தொடங்கியபோது பூஜ்யத்துக்கு அதில் இடம் இல்லை. எண்கோடும் காலக்கோடும் பிரிகிற இடம் இது ஒன்றுதான். இதைக் கணக்கு வகுப்பிலேயே நீ நடத்திவிடலாம்.

அடுத்த கட்டம்தான் எனக்கு உயிர். ஒரு சுருளோடு நிற்காதே. ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு சுருள்களை ஒட்டு: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா, சீனா, அமெரிக்கக் கண்டங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒரு நூலைத் தொங்கவிடு. அந்த நூல் தொடும் இடமெல்லாம் ஒரே காலம். 1509-இல் நூலைத் தொங்கவிட்டால் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியும் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரும் ஒரே ஆண்டில் பட்டத்துக்கு வருவது தெரியும். 1526-க்கு நகர்த்து. ஏப்ரலில் பானிபட்டில் பாபர் வெல்கிறார், ஆகஸ்டில் ஹங்கேரியின் மொகாச்சில் துருக்கி சுல்தான் சுலைமான் வெல்கிறார். ஐந்தே ஆண்டுக்கு முன்புதான் மெக்சிகோவில் அஸ்டெக்குகளின் தலைநகரம் ஸ்பானியர் கையில் விழுந்திருக்கிறது. பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனதாகவே பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பிழையைச் சரிசெய்ய அந்த நூல் ஒன்று போதும்.

சில இடங்களில் ஒரு தேதியையே இந்த நூலால்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அசோகருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் தேதி கிடையாது. ஆனால் மேற்கே ஆண்ட ஐந்து கிரேக்க அரசர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன: ஆன்டியோகஸ், டாலமி, ஆன்டிகோனஸ், மகஸ், அலெக்சாண்டர். இவர்களின் ஆட்சிக்காலம் கிரேக்கத் தரப்புச் சான்றுகளிலிருந்து கிடைக்கிறது. ஐந்து பேருக்கும் ஐந்து காகிதப் பட்டைகள் வெட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்கச் சொல். ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று படியும் துண்டு மிகச் சிறியதாக இருக்கும், கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரும். கல்வெட்டை அங்கேதான் பொருத்த வேண்டும். அசோகரின் காலத்தை உறுதிசெய்ததில் அந்தப் பெயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்களும் இருக்கின்றன என்பதால் அவர்களையும் அதே நூலில் கட்டிவிடலாம். யாராவது ஒருவன் "அலெக்சாண்டரா? அவர் கி.மு. 323-லேயே செத்துப்போய்விட்டாரே?" என்று கட்டாயம் கேட்பான். அந்தக் கேள்வி வந்தால் பாடம் வெற்றி என்று வைத்துக்கொள். இவர் வேறு அலெக்சாண்டர் என்பதை அவன் வாயிலிருந்தே வரவழை.

இந்தப் பட்டைகளை முதலில் பெரிய அளவில் வரைந்தவர் யார் தெரியுமா? ஆக்சிஜன் பாடத்தில் வருவாரே, அதே ஜோசப் பிரீஸ்ட்லி. அவரும் ஒரு காலத்தில் ஆசிரியர்தான். 1765-இல் ஏறக்குறைய 2000 பேரின் வாழ்நாளை ஆளுக்கொரு கோடாக ஒரே தாளில் வரைந்து வெளியிட்டார். பிறப்போ இறப்போ உறுதியாகத் தெரியாதவர்களுக்குக் கோட்டின் முனையில் புள்ளிகள் வைத்தார். நானும் அதையே செய்யச் சொல்கிறேன். புத்தர் பிறந்த ஆண்டில் அறிஞர்களுக்குள் ஒரு நூற்றாண்டு அளவுக்கு வேறுபாடு இருக்கிறது. அங்கே அழுத்தமாகக் கோடு போட்டால் பொய் சொன்னதாகிவிடும், புள்ளி வைத்தால் உள்ளதைச் சொன்னதாகும். 1786-இல் வில்லியம் பிளேஃபேர் பட்டை வரைபடத்தை உருவாக்கியதற்கும் பிரீஸ்ட்லியின் கோடுகள்தான் தூண்டுதல் என்கிறார்கள். ஆக, உன் கணக்குப் புத்தகத்துக்கும் இது தூரத்துச் சொந்தம்தான்.

ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். எட்டாம் ஹென்றிக்கும் கிருஷ்ணதேவராயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நேர்மாறாக, தொடர்பு இருந்தும் கண்ணில் படாமல் போவதும் உண்டு. 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர் கெட்டது, மக்கள் பசியில் வாடினார்கள். ஐரோப்பாச் சுருளை மட்டும் பார்த்தால் முந்தின ஆண்டு வாட்டர்லூ போர் இருக்கும். போரால்தான் பஞ்சம் என்று என் வகுப்பே எழுதியது. போர்களின் சுமையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசியச் சுருளில் 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்திருக்கிறது. அது கக்கியது வானத்தில் பரவி வெயிலை மறைத்ததுதான் அந்தக் குளிருக்குக் காரணம். நூலைச் சாய்வாக இழுத்து இரண்டையும் இணைத்த பெண்ணின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவரில் யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். விட்டால் பட்டமேற்பும் போரும் மட்டும்தான் ஏறும். அதனால் ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்து, "இதில் ஒன்றாவது அரசரையும் போரையும் பற்றியதாக இருக்கக் கூடாது" என்பேன். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மனித உரிமைகளை அறிவித்தது என்று ஓர் அட்டை ஏறியது. 1791 ஒலிம்ப் தெ கூஜ் என்ற பெண் எழுத்தாளர் பெண்களுக்கும் அதே உரிமைகள் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு எழுதினார், 1793 அவர் தலை துண்டிக்கப்பட்டது. 1794 பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிப்பு, 1802 நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், 1848 மறுபடி ஒழிப்பு. நடுவே 1804-இல் ஹைட்டியில் அடிமைகளாக இருந்தவர்களே போராடித் தனிநாடு கண்டார்கள். ஒரு மாணவி 1944 என்று ஓர் அட்டையோடு வந்தாள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த ஆண்டு. கிளிப் போட்டு மாட்டிவிட்டு, 1789-இல் கட்டைவிரலை வைத்து விரலை விரித்துப் பார்த்தாள். பதினைந்தரை சென்டிமீட்டர், அவள் கைக்குச் சரியாக ஒரு சாண்.

"இந்த ஒரு சாணுக்குள்ளே எத்தனை பேர் பிறந்து செத்துப்போயிருப்பாங்க சார்?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆறு தலைமுறை இருக்கும் என்று வகுப்பே சேர்ந்து கணக்குப் போட்டது.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நெஞ்சில் இருந்தே ஆக வேண்டும். ஆணி இல்லாமல் எதையும் மாட்ட முடியாது. ஆனால் சுவரில் மாட்டி, அளந்து, சண்டை போட்ட ஆண்டு தானாகவே நினைவில் நிற்கிறது. கணினியில் செய்யும் காலக்கோடுகளும் நல்லவைதான், ஆனால் திரையில் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது தூரம் கைக்குப் பிடிபடுவதில்லை. முதல் பருவம் காகிதத்திலேயே போகட்டும்.

அப்புறம், ரஷ்யாவின் 1917 அக்டோபர் புரட்சி அட்டையில் யாராவது நவம்பர் என்று எழுதினால் திட்டிவிடாதே. அங்கே அன்று பழைய நாட்காட்டி. அக்டோபர் 25 என்று அவர்கள் சொன்னது மற்ற பல நாடுகளில் நவம்பர் 7.

முதல் சுருளை ஒட்டியதும் ஒரு படம் அனுப்பு. பூஜ்யச் சண்டையில் உன் வகுப்பில் யார் ஜெயித்தார்கள் என்பதையும் எழுது. விடுமுறையில் நான் வரும்போது உன் சுவரை முழுதாக நடந்து பார்க்க வேண்டும். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்