பசங்க ரத்தம் வேண்டாம் சங்கரா

பெரம்பூர், சென்னை

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முட்டி வலிக்கு நானாக வாங்கிப் போட்ட மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி, ரத்தம் கசிந்து, ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிவிட்டது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை வெயில் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

இரண்டு பை சிவப்பணு ஏற்றினார்கள். முதல் பை ஒழுங்காக ஏறியது. இரண்டாவது பாதியில் உடம்பு உதற ஆரம்பித்தது. மே மாதச் சென்னையில், இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென ஆடியது. நர்ஸ் உடனே பையை நிறுத்தி, அதில் ஒட்டியிருந்த சீட்டையும் என் பெயரையும் மறுபடி ஒத்துப்பார்த்து, பையை ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்பினார். குரூப் மாறவில்லை. கொடுத்தவருடைய வெள்ளணுக்கள் பையில் இருக்கும்போதே கசியவிட்ட ரசாயனம்தான் காய்ச்சலைக் கிளப்பியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த முறை வெள்ளணு வடிகட்டிய ரத்தம்தான் என்று ஃபைலில் எழுதிவிட்டார்.

குரூப் சேர்ந்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். படுத்தபடியே அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டேன். முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதை 1973-லேயே ஓபெல்ஸ், தெரசாகி என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்களாம். பிறர் ரத்தம் நம் உடம்பின் காவலைக் கொஞ்சம் தூங்க வைக்கிறது. சிறுநீரகத்துக்கு அது அன்று நல்லதாக இருந்தது, கிருமி வந்தால்? அங்கேதான் டாக்டர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

இப்போது உன் மனைவி, தங்கச்சி விஷயம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பசங்க இரண்டு பேரும் தங்கள் ரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பாசம் சரி, ஆனால் வேண்டாமடா. அந்நியன் ரத்தத்தில் வரும் வெள்ளணுவை உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். பெற்ற பிள்ளையுடையது என்றால் பாதி ஜாடை தன்னுடையதாகவே இருப்பதால், சில சமயம் அசந்து விட்டுவிடும். அது உள்ளே பெருகி, தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கத் தொடங்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. அதைத் தடுக்க வடிகட்டினால் போதாது, ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். அதோடு, பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பில் அந்தப் பிள்ளையின் அணுக்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். எனக்கு வந்த உதறல் தங்கச்சிக்கும் வரலாம்.

உன் ரத்தமும் வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் உன் வழியாகப் பிள்ளைகளுக்குப் போன ஜாடையைத்தானே குறி வைக்கிறது! பசங்க ரத்த வங்கியில் கொடுக்கட்டும், அது வேறு யாருக்காவது போகட்டும்.

அப்புறம், தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் 9 என்றுதானே எழுதியிருந்தாய்? ஆபரேஷனுக்கு நாள் இருந்தால், நரம்பில் இரும்புச்சத்து ஊசி போட்டு அதை உயர்த்த முடியுமா என்று டாக்டரிடம் கேள். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடமே, 10-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றுவதைவிட 7 வரை பொறுப்பது மோசமில்லை என்று 1999-ல் கனடாவில் கண்டிருக்கிறார்கள்.

தேதி முடிவானதும் போன் செய். நான் வருகிறேன், மோர் மட்டும் ஊற்றாதே.

உன்
கணேசன்