பள்ளிகளுக்கான தொழில் வழிகாட்டிக் கையேடுகளைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

என் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். மருத்துவரும் பொறியாளரும் முதல் பக்கங்களில் வண்ணப் படங்களோடு இருக்கிறார்கள். தச்சரும் மின்பணியாளரும் கடைசிப் பக்கத்தில், 'மேற்படிப்பைத் தொடர இயலாதோர்க்கு' என்ற தலைப்பின்கீழ் இரண்டு பத்திகளில் அடங்கிவிட்டார்கள். அந்த வரிசையைப் பற்றியே இம்மடல்.

என் தாத்தா குமாஸ்தாவாக இருந்தவர். எட்டாம் வகுப்புப் படிப்பும் முத்து முத்தான கையெழுத்துமே அவருடைய மூலதனம். வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும் மனு எழுதித் தரவும் கேட்டு விடியற்காலையிலேயே வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று என் அப்பா சொல்வார். அப்பாவும் குமாஸ்தாதான், ஆனால் அவருக்குப் பள்ளியிறுதித் தேர்ச்சியோடு தட்டச்சுச் சான்றிதழும் தேவைப்பட்டது. வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. இன்று அதே நாற்காலிக்குப் பட்டதாரிகள் போட்டியிடுகிறார்கள். வேலையின் சாரம் பெரிதாக மாறவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்தபோது அந்த அரிதுக்குக் கிடைத்த மரியாதை, எல்லோரும் படித்ததும் கரைந்துபோனது, அவ்வளவே.

தொழில் மதிப்பு அப்படியெல்லாம் மாறுவதில்லை என்று நீங்கள் ஆய்வுகளைக் காட்டலாம். அமெரிக்காவில் 1947இல் 90 தொழில்களை மக்களிடம் மதிப்பிடச் சொன்ன ஆய்வை 1963இல் மீண்டும் நடத்தியபோது, இரு பட்டியல்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.99 என்று வந்தது உண்மைதான் (1 என்றால் முழுப் பொருத்தம்). சமூகவியலாளர் டொனால்ட் டிரைமன் 1977இல் ஏறத்தாழ 60 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டபோதும் வரிசை பெரும்பாலும் ஒத்தே இருந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் வரிசையை அளந்தனவே தவிர, ஒவ்வொரு படியிலும் ஏறக் கொடுக்க வேண்டிய விலையை அளக்கவில்லை. படி அதே இடத்தில் இருக்க, அதில் கால் வைக்கத் தேவையான படிப்பு ஆண்டுகள் தலைமுறைக்குத் தலைமுறை கூடுகின்றன. கூட்டத்தில் எல்லோரும் எக்கி நின்றால் ஒருவருக்கும் கூடுதலாக எதுவும் தெரியாது என்று பொருளியலாளர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் எழுதியது இதைத்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் பிள்ளைக்குப் பட்டம் திறந்துவிடும் கதவை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாத்தாவின் காலத்து மரியாதையும் அந்தப் பட்டத்தோடு சேர்ந்தே வரும் என்று அந்தப் பிள்ளைக்கு நீங்கள் உறுதி சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு எழுத்தரை 4ஆம் பெரும்பிரிவிலும் மின்பணியாளரை 7ஆம் பெரும்பிரிவிலும் வைக்கிறது. ஆனால் மொத்தமுள்ள 4 திறன் நிலைகளில் இருவருக்கும் அது தருவது ஒரே நிலை, 2. நம் பேச்சிலோ முன்னவருக்கு 'உத்தியோகம்', பின்னவருக்கு வெறும் 'வேலை'. உங்கள் கையேடும் அந்தப் பேச்சையே அச்சேற்றியிருக்கிறது.

எனவே அடுத்த பதிப்பில் அந்தக் கடைசித் தலைப்பை நீக்குங்கள். ஒவ்வொரு தொழிலிலும் ஒரு நாள் முழுவதும் என்ன செய்ய வேண்டியிருக்கும், அதைக் கற்க எத்தனை ஆண்டு ஆகும், அந்தத் தகுதியோடு காத்திருப்போர் எத்தனை பேர், இடங்கள் எத்தனை என்பதை எழுதுங்கள். தொழில்களை அகர வரிசையில் அடுக்குங்கள். தச்சர் மருத்துவருக்கு முன்னால் வருவார்.

இப்படிக்கு,
ஒரு குமாஸ்தாவின் பேத்தி